பெயின்டைக் கடைசியா அடிங்க தம்பிமாரே

லுணுகலையில இப்ப பழைய மோட்டார் சைக்கிள் செய்யிற காலம். பின்கொட்டிலில் கோழி ஏறிப் படுத்திருந்த எம்.டி. நைன்டி எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஏ.எல். பிள்ளைகள் இடைவேளையில் பேசுவதே காபரேட்டரைப் பற்றித்தான். எனக்கு இதில் சந்தோஷம். வாப்பாவின் எம்.டி.யைத் தாழ்வாரத்தில் கழற்றிப் போட்டு, ஆறு மாதம் உம்மாவிடம் ஏச்சு வாங்கி, திரும்ப ஓட வைத்தவன் நான். ஆகவே இது பழைய வண்டிக்கு எதிரான பதிவு இல்லை. செய்கிற ஒழுங்கில்தான் எனக்கு முறைப்பாடு.

போன கிழமை மூன்று வண்டி பார்த்தேன். மூன்றுக்கும் புதுப் பெயின்ட். ஒன்றின் டாங்கியில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அதே வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் வந்து ஹேன்டிலில் முட்டுகிறது. கேட்டால், "அது பிறகு பாப்பம் சேர்" என்கிறான் பிள்ளை. பிறகு எப்போது? பசறைக்குப் போனாலும் பிபிலைக்கு இறங்கினாலும் நமக்கு வளைவும் பள்ளமும்தான். 2021 மார்ச்சில் 13ஆம் கட்டையில் நடந்ததை இந்த ஊருக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அது பஸ், கதை வேறு. ஆனால் அந்தப் பாதையில் பிசகினால் என்ன ஆகும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் இந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். எம்.டி. என்றால் மெயில் டெலிவரி. ஜப்பானில் தபால்காரர்களுக்காக 1971இல் ஹொண்டா இறக்கிய வண்டி. அதனால்தான் பிறப்பிலேயே சிவப்பு. ஒரு வீட்டில் நிறுத்தி அடுத்த வீட்டுக்கு எடுத்து, நாள் முழுக்க நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதற்கு ஏற்றபடி செய்தார்கள். கிளட்ச் லீவர் இல்லை, மூன்று கியர், பின்னால் பெரிய கரியர். பாவித்த வண்டியாக இங்கே வந்து இறங்கியதும் மலைநாட்டுக்கென்றே செய்தது போலப் பொருந்திவிட்டது. மரக்கறி மூட்டை, கேஸ் சிலிண்டர், உம்மா, தங்கச்சி என்று அது சுமக்காததா? (வாப்பாவின் வண்டியைப் பழைய சிவப்பிலேயே விட்டிருக்கிறேன். கடிதம் இருக்கா என்று கேட்டுக் கிண்டல் பண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

தோட்டத்துத் துரைமார் ஓட்டிய பி.எஸ்.ஏ. மாதிரிதான் வேண்டும் என்று அலைகிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பனி 1970களின் தொடக்கத்திலேயே சரிந்துவிட்டது. ஒரு சாமானுக்கு வெளிநாட்டுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எம்.டி. அப்படியில்லை. அது சுப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை. 1958இல் தொடங்கிய அந்தக் குடும்பம் 2017இல் பத்துக் கோடி வண்டியைத் தாண்டியது. அதனால் பதுளைக் கடைகளில் கேட்டாலே பெரும்பாலான சாமான் கிடைக்கும். வீட்டில் செய்து பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் எண்ணம்.

இனி பிரேக். எம்.டி.க்கு முன்னும் பின்னும் டிரம். டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசித்தான் வண்டி நிற்கிறது. நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். வீட்டு வாசலில் நன்றாகப் பிடித்த பிரேக் நாலாவது வளைவில் பிடிக்காமல் போவது இதனால்தான். 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறங்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு வந்தது. பெற்றோல் வந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இறக்கத்தில் இரண்டாவது கியரில் விடுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்.

வீல் கழற்றி ஷூ பார்ப்பது அரை மணித்தியால வேலை. லைனிங் தேய்ந்ததா, எண்ணெய் பட்டதா, வெடித்ததா என்று பாருங்கள். ஷூவை விரிக்கும் கேமைக் கழற்றித் துடைத்துக் கொஞ்சமாக கிரீஸ் போடுங்கள், லைனிங்கில் பட்டுவிடக் கூடாது. நம் மழைக்குக் கேபிள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், ஒரு நூல் அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், கொம்ப்ரசரும் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2218 என்றால் 2018ஆம் ஆண்டின் 22வது கிழமையில் செய்தது. பூ நல்லா இருக்கு என்று நம்பிவிடாமல் அதையும் வாசியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் புத்தகம். ஒரு வண்டியின் விலை பேசும்போது சி.ஆர். புத்தகத்தைக் கையில் வாங்கி, செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் அடித்திருக்கும் இடத்தைத் துடைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 ஜூலையில் கியூ.ஆர். வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர். பதிவதற்கு செசி நம்பர் கேட்டார்கள். நம்பர் பொருந்தாத வண்டிக்காரர்கள் அன்றைக்குப் பட்ட பாட்டை நாம் பார்த்தோம்தானே. எஞ்சின் மாற்றினாலும் நிறம் மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். சிவப்பு வண்டியைக் கறுப்பாக்கிவிட்டுச் செக்பொயின்டில் நின்று முழிக்காதீர்கள்.

மட்கார்டை வெட்டுவது, சைலன்சரைக் கழற்றி எறிவது பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மட்கார்ட் இல்லாமல் நம் ஊர் மழையில் ஒரு தரம் பதுளைக்குப் போய் வந்தால் அதுவே பாடம் நடத்தும். சத்தம் பற்றிப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தாயிடம் கேளுங்கள்.

ஆனால் எல்லாமே பழையபடி ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. பழைய ஆறு வோல்ட் லைட், பனி மூடின இரவில் மெழுகுதிரி மாதிரி. தெரிந்த பாஸ் ஒருவரிடம் கொடுத்துப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினால் வண்டியின் மரியாதை ஒன்றும் குறையாது. கண்காட்சிக்கு வைக்கிறவர் ஆறு வோல்ட்டோடு வைத்துக்கொள்ளட்டும். நாம் மஃரிபுக்குப் பிறகும் ஓட வேண்டியவர்கள்.

எஞ்சின் உண்மையில் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஸ்டார்ட் வரவில்லை என்றதும் காபரேட்டரைப் பிரிக்காதீர்கள். முதலில் பொயின்ட்டைப் பாருங்கள், இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.05. நாம் பரீட்சைத்தாள் அடிக்கிற கடதாசியின் தடிப்பில் ஏறக்குறைய பாதி. டாங்கிக்குள் துரு என்றால் வினாகிரி ஊற்றி இரண்டொரு நாள் வைத்து, சின்னக் கல் போட்டுக் குலுக்கி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி உடனே காய வையுங்கள். ஓட்டை என்றால் வீட்டில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். பெற்றோல் நிறைந்த டாங்கியைவிட, ஊற்றிவிட்டு ஆவி மட்டும் நிற்கிற டாங்கிதான் வெடிக்கும்.

பெற்றோர் சிலர் என்னிடம், "படிக்கிற பிள்ளைக்கு ஏன் சேர் இந்தக் கிரீஸ்?" என்று கேட்கிறார்கள். கரும்பலகையில் உராய்வு என்று எழுதிப் போட்டால் எல்லாரும் கொப்பியில் எழுதுவார்கள். அதே பிள்ளை தன் கையால் தேய்ந்த ஷூவைக் கழற்றி, புது ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இறக்கத்தில் எப்படி ஓட்டுவது என்று பிறகு அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கொட்டிலில் பிள்ளை என்ன செய்கிறான் என்று வாப்பாமாரும் எட்டிப் பாருங்கள். "பிரேக்கைக் காட்டு" என்று கேளுங்கள். காட்டின பிறகு பெயின்டுக்குக் காசு கொடுங்கள்.

வால்வு பார்க்கிற பீலர் கேஜ் ஒன்று என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வந்து கேட்கலாம். பின்னேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். போன தடவை கொண்டு போனவர் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.