பெங்களூர் போகும் பிள்ளைகள்

கோவை மில் தொழிலாளியின் மகனும் தஞ்சை விவசாயத் தொழிலாளியின் மகளும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். போகட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் அங்கே அவர்களுக்கு என்ன பாதுகாப்பு? வேலை நேரம், லீவு, நீக்கம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் விதி கேட்டது 1946-ம் வருஷத்து ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ் சட்டம். 2014-ல் கர்நாடக சர்க்கார் ஐ.டி. கம்பெனிகளுக்கு அதிலிருந்து விலக்களித்தது. 2024-ல் மேலும் ஐந்து வருஷம் நீட்டியது. அதே வருஷம் ஜூலையில், தினம் 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்ற யோசனையும் கிளம்பிற்று! சங்கம் கண்ட ஊழியர்கள் தெருவிலிறங்கி எதிர்த்தார்கள். இங்கே மில் கேட்டில் நம்மோடு கோஷம் போடும் தகப்பனாரோ, "அங்கே போய்ச் சங்கம் கிங்கம் என்று நிற்காதே" என்று மகனுக்குப் புத்தி சொல்லி அனுப்புகிறார். ஏன் தோழரே?