செயற்கைக்கோள் காட்டும் எல்லையும் நாம் மறைக்கும் பங்கும்



நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் இருவர் தங்கள் வாப்பாவின் தென்னந்தோப்பைப் பிரித்துப் பத்திரம் எழுதுமுன் அளந்து பார்க்க விரும்பினர். சாட்சியாக நிற்க நம்மையும் அழைத்திருந்தனர். வந்த நில அளவரின் கையில் சங்கிலி இல்லை. காளான் போன்ற தலையுடைய ஒரு கோலும் செல்பேசியைவிடச் சற்றுப் பெரிய கருவியுமே இருந்தன. வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "வானத்துல இருந்தே அளக்குறாங்களாம் ஹஜ்ரத், இனி எவனும் யாரையும் ஏமாத்த முடியாது" என்றார். அவர் கூற்றில் பாதி உண்மை. மறு பாதியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

அக்கருவி வேலை செய்யும் முறை இதுதான். மிகத் துல்லியமாக இருப்பிடம் அறியப்பட்ட கட்டடங்களின் மேல் நிலையான ஏற்பிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அவை இரவு பகலாகச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்றுக்கொண்டேயிருக்கும். தனது உண்மையான இடம் எது என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்பே தெரியும். சமிக்ஞை காட்டும் இடம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவும் வளிமண்டலத்தாலும் கடிகாரங்களாலும் விளைந்த பிழை. அப்பிழையைக் கட்டுப்பாட்டு மையம் நொடிக்கு நொடி கணக்கிட்டு, இணையத்தின் வழியே வயலில் நிற்கும் அளவரின் கருவிக்கு அனுப்புகிறது. கருவி தன் கணக்கைத் திருத்திக்கொண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் 1000-க்கும் மேற்பட்ட இத்தகைய நிலையங்களை நிறுவியுள்ளது. 1802-இல் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின என்பதை எண்ணிப் பார்த்தால் இது எத்தகைய அருட்கொடை என்பது விளங்கும்.

ஆயினும் தோப்பின் நடுவே கருவி திணறியது. தென்னை மட்டைகள் வானத்தை மறைத்தன. "ஃபிக்ஸ் ஆகல" என்று அளவர் மீண்டும் மீண்டும் சொன்னார். அந்த நிலையில் காட்டும் எண்ணை நம்பக்கூடாதாம். பிறகு திறந்த வெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து முக்காலிக் கருவியால் தோப்புக்குள் அளந்தார். தென் தமிழகத்தின் மேல் பூமியின் காந்த நடுக்கோடு செல்வதால் மாலை மங்கியபின் மேல்வளிமண்டலம் கொந்தளித்துச் சமிக்ஞை சிதறுவதும் உண்டு என்றார். தன் கருவியின் குறையைத் தானே எடுத்துச் சொன்ன அந்த மனிதர் மீது நமக்கு மதிப்பு உண்டாயிற்று.

வடகிழக்கு மூலையில் கல் காணாமற்போயிருந்தது. புலப்படத்தை வைத்துக் கணக்கிட்ட புள்ளி, பக்கத்து வீட்டாரின் மாட்டுக்கொட்டகைக்குள் ஏறக்குறைய ஒரு சாண் உள்ளே விழுந்தது. உடனே இளையவர், "பார்த்தீங்களா ஹஜ்ரத், திருடியிருக்கான்" என்று குரலை உயர்த்தினார்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை நாம் அறிவோம். நில அடையாளங்களை மாற்றுபவன் சபிக்கப்பட்டவன் என்ற அறிவிப்பும் உண்டு. இவற்றைச் சொல்லிக்காட்டியே அண்டை வீட்டாரைக் குற்றவாளியாக்க அங்கே சிலர் ஆயத்தமாயினர். அளவர் தடுத்தார். பழைய புலப்படங்கள் சங்கிலியால் அளந்து லிங்க்ஸ் கணக்கில் எழுதப்பட்டவை. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ், ஒரு லிங்க்ஸ் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நம் சாணைவிடச் சிறிதே குறைவு. ஆகவே அன்று அளந்தவருக்கே ஒரு சாண் வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. இரு விரல் அகலத்தையும் காணும் கருவியைக் கொண்டு, சாணைக் காணாத படத்தைச் சரிபார்த்தால் வேறுபாடு வரத்தான் செய்யும். அது திருட்டுக்குச் சான்றாகாது. கருவி நுட்பமாக ஆக ஆக, நல்லெண்ணமும் நமக்கு அதிகமாகத் தேவைப்படும். இல்லையேல் தலைமுறைகளாய் நிம்மதியாய் இருந்த வரப்புகளெல்லாம் வழக்குமன்றம் ஏறும்.

செல்பேசிச் செயலியில் தாமே அளந்து படம் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவோருக்கும் ஒரு சொல். அது திருத்தம் பெறாத கணக்கு. திறந்த வெளியிலும் சில மீட்டர் தவறும். 100 அடி நீள எல்லையில் 10 அடி தவறினால் 1000 சதுர அடி, அதாவது இரண்டு சென்ட்டுக்கும் மேல். அந்தப் படத்தை நம்பி ஒரு முஸ்லிமைக் கள்வன் என்பது அவதூறு.

இந்த வசதி வந்தபின் முதலில் அளக்கப்பட வேண்டியவை வக்ஃபு நிலங்களும் மையவாடிகளும் என்பது நம் கருத்து. சண்டை மூளும் வரை காத்திருப்பதே நம் ஜமாஅத்களின் வழக்கமாகிவிட்டது. முத்தவல்லிகள் அண்டை நிலத்தாரையும் உடன் அழைத்து அளந்து, மூலைகளின் ஆயத்தொலைவுகளைப் பதிவேட்டில் ஏற்றட்டும். அளந்த தேதியையும், எந்த அளவை முறைப்படி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஏனெனில் நாம் நிற்கும் இந்திய நிலத்தட்டே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 20 ஆண்டுகளில் ஒரு மீட்டர்! அண்டை நிலமும் சேர்ந்தே நகர்வதால் வேலிக்கு வேலி தூரம் மாறாது. ஆனால் தேதியில்லாத எண்களை வைத்துப் பேரன்மார் தேடினால் கல் வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றும்.

மீண்டும் தோப்புக்கு வருவோம். தோப்பு மொத்தம் ஒன்றரை ஏக்கர், 150 சென்ட். பாதிக்குப் பாதி என வாய்ச்சொல்லால் பிரித்து, நடுவே 200 அடிக்கு வேலி போட்டிருந்தனர். அவ்வேலி இளையவர் பக்கம் ஒன்றரை அடி தள்ளியிருப்பதாகக் கருவி காட்டியது. 300 சதுர அடி, முக்கால் சென்ட்கூட இல்லை. அதற்காக உடன்பிறந்த இருவரும் அரை மணி நேரம் முகம் பாராமல் நின்றனர். இறுதியில் மூத்தவர் வேலியை நகர்த்திக்கொள்ள ஒப்பினார். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

வரைபடத்தில் பெயர் எழுதுவதற்காக அளவர் கேட்டார்: "வாரிசு ரெண்டு பேர்தானா?"

எவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு ஒரு லாத்தா உண்டு. வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர். பெற்றோர் இருவரும் மவ்த்தாகிவிட்ட நிலையில் வாரிசுகள் இம்மூவரே. பங்கு ஐந்து. ஆண்களுக்கு இரண்டிரண்டு, பெண்ணுக்கு ஒன்று. 60, 60, 30 சென்ட். முக்கால் சென்ட்டுக்காக ஹதீஸ் பேசிய இடத்தில் 30 சென்ட் காணாமற்போயிருந்தது. அதை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. நாம் சொல்லும் கோட்டைத்தான் அது அளக்கும்.

நாமும் குற்றத்திலிருந்து நீங்கியவரல்லர். அக்குடும்பத்தை நன்கறிந்திருந்தும், அளவர் கேட்கும் வரை நாம் கேட்கவில்லை. இரு தரப்பார் சான்றின்றி வாரிசுச் சொத்துக்காக வழக்காடி வந்தபோது, வாதத்திறமையால் பிறர் உரிமையைப் பெற்றுச் செல்பவன் நெருப்புத் துண்டையே பெற்றுச் செல்கிறான் என நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், இருவரும் அழுது தம் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம்.

"லாத்தாவுக்குக் கல்யாணத்துலயே வாப்பா நகை போட்டுட்டாங்க ஹஜ்ரத்" என்றார் மூத்தவர். வாப்பா உயிருடன் இருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு, அவருக்குப்பின் பிரிவது வாரிசுரிமை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்றோம். "அவங்க கேட்கவே மாட்டாங்க" என்றார் இளையவர். கேட்க நாணுவது விட்டுக்கொடுப்பது ஆகுமா? தன் பங்கு எது, எவ்வளவு என்று அறிந்து, அது கைக்கு வந்தபின் மனமுவந்து தருவதானால் தரட்டும்.

நடுக்கற்களை அன்று நட வேண்டா எனச் சொல்லிவிட்டு வந்தோம். அவை தோப்பின் மோட்டார் அறையில் கிடக்கின்றன. மறுநாள் காலை மூத்தவர் லாத்தாவுடன் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் அவர் வருகிறார். அளவரும் வருவார்.