தலைவிதியை எங்கே வெட்டுவது?

மதுரை ஜங்ஷனில் இறங்கி மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் சந்து வழியாக நடந்து போயிருக்கீங்களா? மேல மாசி வீதியைத் தாண்டி உள்ளே நுழைந்தால், ஒரு சந்து ஆவணி மூல வீதியில் கொண்டுபோய் விடும். இன்னொன்று யாரோ ஒருத்தர் வீட்டு வாசலில் போய் முட்டும். முட்டுச்சந்து என்று தெரிஞ்சதும் நாம ஜங்ஷனுக்கே திரும்பிப் போறதில்லை. கடைசியாகத் திரும்பின முக்குக்கு வந்து, அடுத்த சந்தைப் பிடிக்கிறோம்.

அல்காரிதம் பாடத்தில் இதுக்குப் பேர் பேக்டிராக்கிங். என்-குயின்ஸ், ஹாமில்டோனியன் சர்க்யூட், சப்செட் சம் என்று மூணு கணக்கு. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம், மறுநாள் மறதி. அதைப் பத்தி எனக்கு ஒரு புகார் இருக்கு: நாம பேக்டிராக்கிங்கைத் தப்பான முனையில் இருந்து கத்துக்கிறோம்.

என் கதையையே சொல்றேன். ஒரு கம்பெனியின் கோடிங் ரவுண்டில் என்-குயின்ஸ் வந்தது. படித்த கேள்விதான். சிரித்துக்கொண்டே எழுதினேன். 4 குயினுக்கு 2 விடை வரணும். என் புரோகிராம் 0 என்றது. நேரம் முடியும் வரைக்கும் காரணம் புரியலை. ஹாஸ்டலுக்கு வந்து பார்த்தால், ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ரிகர்ஷன் முடிந்து திரும்பும்போது, வைத்த குயினைப் பலகையில் இருந்து எடுக்கணும். நான் எடுக்கலை. பழைய குயின்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்துகொண்டு புதுக் குயின்களுக்கு இடம் விடாமல் மறித்துவிட்டன.

கவனக்குறைவு என்று நீங்க சொல்லலாம். ஓரளவு உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்க. கணக்கு என்ன கேட்டது? 'ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடு, மோதக் கூடாது', அவ்வளவுதான். 'வைத்ததை எடு' என்பது கணக்கில் இல்லவே இல்லை. ஒரே அர்ரேயை எல்லாக் கிளைகளும் பங்கு போட்டுக்கொள்வதால் நம்ம தலையில் விழுந்த வேலை அது. நாம லேபில் பழகுவது பெரும்பாலும் அந்த எடுத்துவைக்கும் வேலையைத்தான். தேர்வு என்கிற விஷயம் அதுக்குள்ளே மறைஞ்சு போயிடுது.

ஃபங்ஷனல் மொழிகள் இதை வேறு மாதிரி பார்க்கின்றன. அதைக் காட்ட குயின் வேண்டாம், நம்ம பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமே போதும். 'பொதுமொழி' என்று படித்தது ஞாபகம் இருக்கா? 'எட்டு' என்றால் ஓர் எண். அதையே எள் + து என்று பிரித்தால் 'எள்ளை உண்'. நன்னூல் காலத்தில் இருந்தே நம்ம இலக்கணம் ஒப்புக்கொண்ட விஷயம் இது: ஒரே எழுத்துத் தொடருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கலாம்.

இப்போ ஒரு சொல்லைப் பிரிக்கும் ஃபங்ஷன் எழுதுவோம். ஹாஸ்கெல் பாணியில், பெயர்களை மட்டும் தமிழில் வைக்கிறேன்:

பிரி (காலி) = [ [ ] ]
பிரி (சொல்) = [ முன் : மிச்சம் | (முன், பின்) ← வெட்டு (சொல்), முன் ∈ அகராதி, மிச்சம் ← பிரி (பின்) ]

இவ்வளவுதான் புரோகிராம். 'சொல்லை எங்கெல்லாம் வெட்டலாமோ வெட்டு. முன்பகுதி அகராதியில் இருந்தால் பின்பகுதியையும் அதேபோல் பிரி. கிடைப்பதை எல்லாம் பட்டியலாகக் கொடு.'

அகராதியில் தலை, தலைவி, விதி என்று மூணே சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'தலைவிதி'யைக் கொடுங்க. முதல் வெட்டு 'த', அகராதியில் இல்லை, அந்தக் கிளை அங்கேயே முடிந்தது. அடுத்து 'தலை', இருக்கு. மிச்சம் 'விதி', அதுவும் இருக்கு. ஒரு விடை கிடைச்சாச்சு. அடுத்து 'தலைவி', இருக்கு. மிச்சம் 'தி'. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில்கூட 'தி' கிடையாது. முட்டுச்சந்து. கடைசியாக 'தலைவிதி' முழுசாக, நம்ம அகராதியில் இல்லை. ஆக விடை ஒன்றே ஒன்று: தலை + விதி.

'இருப்பதிலேயே நீளமான சொல்லை எடு' என்று பேராசைக்கார அல்காரிதம் எழுதியிருந்தால் 'தலைவி'யைப் பிடித்துக்கொண்டு 'தி'யில் மாட்டி நின்றிருக்கும்.

இதில் திரும்பி வருகிற கோடு எங்கே என்று தேடிப் பாருங்க. இல்லை. தோற்ற கிளை காலிப் பட்டியலைத் தருகிறது. காலிப் பட்டியலை மற்றப் பட்டியலோடு சேர்த்தால் ஒன்றும் கூடாது. அதுதான் பேக்டிராக்கிங். எந்தக் கிளையும் இன்னொரு கிளையின் மதிப்பை மாற்றாததால், எடுத்துவைக்க எதுவுமே இல்லை. ஃபிலிப் வாட்லர் 1985இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, தோல்விக்குப் பதிலாக வெற்றிகளின் பட்டியலை வைப்பது எப்படி என்பதுதான்.

முதல் வரியில் ஒரு பொறி இருக்கு. காலிச் சொல்லுக்கு [ ] என்று எழுதினால் எல்லாச் சொல்லுக்கும் விடை பூஜ்யம்தான். [ ] என்றால் 'விடையே இல்லை'. [ [ ] ] என்றால் 'ஒரு விடை இருக்கு, அதில் சொல் எதுவும் மிச்சமில்லை'. நிஜமாக எழுதும்போது இன்னொன்றையும் கவனிங்க: யூனிகோடில் 'லை' என்பது இரண்டு குறியீடு. சும்மா ஸ்லைஸ் பண்ணினால் 'தல' என்று வெட்டிவிடும். எழுத்தெழுத்தாகப் பிரித்த பிறகுதான் வெட்டணும்.

இப்போ 'எட்டு'க்கு வருவோம். எள் + து சேரும்போது எழுத்தே மாறுகிறது. அதனால் வெட்டு ஃபங்ஷன் புணர்ச்சி விதியைத் திருப்பிப் போட்டு, (எள், து) என்ற ஜோடியையும் தரணும். மாற்றம் வெட்டில் மட்டும்தான். பிரி ஃபங்ஷனில் ஓர் எழுத்துகூட மாறாது. என்னென்ன தேர்வு இருக்கு என்பது ஓரிடம், அவற்றில் எப்படித் தேடுவது என்பது இன்னோரிடம். நான் கோடிங் ரவுண்டில் தவறவிட்டது இந்தப் பிரிவினையைத்தான்.

பட்டியல் ஒரு வழி. இன்னொரு வழி அதைவிடப் பழையது. ஜான் மெக்கார்த்தி 1963இலேயே 'ஆம்ப்' என்ற ஆபரேட்டரைச் சொன்னார். 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்று மட்டும் நீங்க சொல்லணும், சரியானதை மொழியே தேடிக்கொள்ளும். ஏபல்சன், சஸ்மேன் எழுதிய எஸ்ஐசிபி புத்தகத்தின் 4.3 பிரிவில் இதைக் கட்டிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் கையில் இரண்டு ஃபங்ஷன் தரப்படும்: ஒன்று 'சரிப்பட்டால் அடுத்து எங்கே', இன்னொன்று 'முட்டினால் எங்கே'. அந்த இரண்டாவது ஃபங்ஷன்தான் நம்ம கடைசி முக்கு. புத்தகம் இணையத்தில் இலவசம்.

'பிளேஸ்மென்ட்டில் யார் ஹாஸ்கெல் கேட்கிறார்கள்?' என்று கேட்பீங்க. நியாயம்தான். மொழியை மாற்றச் சொல்லலை. பைத்தானில் யீல்டு போட்டு ஜெனரேட்டராக எழுதினாலும் இதே வடிவம் வரும். ஒரு விடை போதும் என்றால் முதலாவதை மட்டும் கேளுங்க, மிச்சத்தைத் தேடாது.

'மெதுவாக இருக்காதா?' இருக்கும், கவனமில்லை என்றால். 20 எழுத்துச் சொல்லில் 19 இடைவெளி. ஒவ்வொன்றிலும் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். மொத்தம் 5,24,288 வழி. ஆனால் அகராதிச் சோதனையை ரிகர்ஷனுக்கு முன்னால் வைத்ததால் பெரும்பாலான கிளை முளையிலேயே கருகிவிடும். ஒரே பின்பகுதி திரும்பத் திரும்ப வந்தால் விடையைச் சேமித்துவைக்கலாம். உண்மையான குறை வேறு: ஒரு கிளை முடிவே இல்லாமல் நீண்டால், ஆழம் நோக்கிப் போகும் தேடல் அதிலேயே தொலைந்துபோகும், பக்கத்துக் கிளையில் விடை இருந்தாலும் எட்டாது. கிளைகளை மாற்றி மாற்றி எட்டிப் பார்க்கும் வழியை ஒலெக் கிசெல்யோவும் மற்றவர்களும் 2005இல் எழுதினார்கள். எல்லாத்துக்கும் வெறும் பட்டியல் போதும் என்று நான் சொல்ல வரலை.

நான் கேட்பது ஒரே ஒரு லேப் ஹவர். என்-குயின்ஸ் அர்ரேயைத் தொடும் முன்னால், இந்த இரண்டு வரியை எல்லாரும் ஒருதடவை கையால் எழுதட்டும். அதுக்கப்புறம் அர்ரேக்குப் போகலாம். எடுத்துவைக்கும் அந்த வரி ஏன் அங்கே இருக்கு என்று அப்போ புரியும். புரிந்த வரியை யாரும் மறக்க மாட்டோம்.

லேப் மாறும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கு ராத்திரி 'பலகை', 'தாமரை' இரண்டையும் கொடுத்து ஓட்டிப் பாருங்க. அகராதியில் பலகை, தாமரை, பல, கை, தா, மரை எல்லாம் இருக்கணும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை வரும். மூணு விதமாகப் பிரிகிற சொல் கிடைத்தால் இதழுக்கு அனுப்புங்க. நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.