நோன்பு நோற்காத இளைஞரும் நம் முணுமுணுப்பும்



சென்ற ரமலானில், சவூதி அரேபியாவின் அல்-அஹ்ஸாவில் பணிபுரியும் கடையநல்லூர்ச் சகோதரர் ஒருவர் கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். அவருடன் வேலை செய்யும் சவூதி இளைஞர் ஒருவர் ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். ஆயினும் நோன்பு நோற்பதில்லை. பகலில் தண்ணீர்ப் பாட்டிலுடன் அவர் ஒதுங்குவதைக் கண்ட நம்மவர்கள் தமக்குள் குறை பேசியிருக்கின்றனர். அவருக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் இரத்தச் சோகை உண்டு என்பதும், இதயமும் பாதிக்கப்பட்டுள்ளது என்பதும் பிறகே தெரியவந்தது. “ஆளு பாக்க நல்லாத்தானே இருக்காரு ஹஜ்ரத், இதுவும் சலுகையில சேருமா?” என்று கேட்டிருந்தார்.

மருத்துவம் நான் கற்ற துறையன்று. விவரம் அறிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்ட பின்னரே பதில் எழுதத் துணிந்தேன்.

சாதாரணமாக 120 நாட்கள் வாழும் சிவப்பணு, இந்நோயாளிகளிடம் 10 முதல் 20 நாட்களில் அழிந்துவிடுகிறது. உயிர்வளியைச் சுமக்கும் அணுக்கள் குறைவதால், அக்குறையை ஈடுசெய்ய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைத் தள்ளியாக வேண்டும். உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இதய அறைகள் விரிகின்றன. தசை விறைத்துப் போகிறது. சிலருக்கு நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் உயர்ந்து இதயத்தின் வலப்பக்கம் தளர்கிறது. வயதுவந்த நோயாளிகளில் நூற்றுக்கு 6 முதல் 10 பேருக்கு இவ்வழுத்தம் காணப்படுகிறது. மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தோன்றும் வரை முகத்தைப் பார்த்து இதை எவரும் அறிய முடியாது.

தண்ணீரின் கதை இன்னும் முக்கியமானது. உடலில் நீர் வற்றினால் அணுக்கள் மேலும் வளைந்து, ஒன்றோடொன்று சிக்கி, குழாய்களை அடைக்கின்றன. நாம் ஏளனமாகப் பார்த்த அந்தப் பாட்டில் அவருக்கு மருந்து.

இது அரபு நாட்டு நோய் என்று ஒதுக்கவும் இயலாது. இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம். அங்குள்ள இருளர், பணியர், குறும்பர் ஆகியோரிடம் இன்றும் காணப்படுகிறது. அவர்களிடமும் கிழக்குச் சவூதி மக்களிடமும் இருப்பது பெரும்பாலும் ஒரே மரபணு வகை என்று அறிந்தபோது வியப்படைந்தேன்.

இனி மார்க்கச் சட்டம். நோயாளிக்கான சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக்குகின்றன. குணமாகும் நோயெனில் பின்னர் களாச் செய்ய வேண்டும். நீங்கும் எனும் நம்பிக்கையில்லாத நோயெனில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா போதுமானது. சட்டத்தில் குழப்பமில்லை, குழப்பம் நம் நாவில்தான். பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. அவருக்குச் சலுகை இல்லையென்று தோழர்கள் கூறிவிட, அவர் குளித்து இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார்கள். அபூதாவூதில் இச்செய்தி உள்ளது. ‘ஒரு நாள்தானே, முயன்று பார்’ என்று வீட்டிலுள்ள நோயாளியை நெருக்கும் ஒவ்வொருவரும் அந்தத் தோழர்களின் இடத்தில் நிற்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சவூதியில் 2004 முதல் நிக்காஹுக்கு முன் இந்நோய்க்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம். முடிவை அறிந்தபின் மணப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். தாய், தந்தை இருவருமே நோயின்றிக் கடத்துபவர்களாக மட்டும் இருந்தாலும், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. மாமன் மகள், மாமி மகன் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் நாம், மஹர் பேசும் மஜ்லிஸில் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். நகையின் எடையைக் கேட்பதில் மட்டும் நமக்குக் கூச்சமில்லை!

சகோதரருக்கு இவ்வளவையும் எழுதி, அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்குமாறு சொன்னேன். இரண்டு நாட்களில் பதில் வந்தது. கேட்டுவிட்டார்களாம், அன்றைய இஃப்தாருக்கு அவரே அனைவருக்கும் பேரீத்தம்பழம் வாங்கி வந்தாராம்.