திண்டிவனம் என்றொரு தொகுதி இருந்தது

தேர்தல் நெருங்கினால் நம் பேச்சு இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது: எந்தக் கூட்டணி, யார் வேட்பாளர். யாருக்கு வாக்களிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்பதை அதற்கு வெகுமுன்னரே ஒரு வரைபடம் தீர்மானித்துவிட்டது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த வரைபடம் மாறும்போது என்ன நிகழும் என்பதற்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் குறைவு.

1952 முதல் 2004 வரை 14 பொதுத் தேர்தல்களில் திண்டிவனம் என்ற மக்களவைத் தொகுதி இருந்தது. முதல் தேர்தலில் அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒன்று பொது, மற்றொன்று தாழ்த்தப்பட்டோருக்கு. இரண்டையும் வென்றது எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. அத்தேர்தலில் அக்கட்சி சட்டமன்றத்தில் 19 இடங்களையும் மக்களவையில் 4 இடங்களையும் பெற்றது. காங்கிரசின் பெருநிழலில், தென்னார்க்காட்டு உழவர்கள் தமக்கென ஒரு குரலை உருவாக்கிக்கொண்ட தருணம் அது. அதே படையாட்சியார் பின்னாளில் காங்கிரஸ் வேட்பாளராக 1980இலும் 1984இலும் இத்தொகுதியில் வென்றார். தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. எனப் பின்னர் பலரும் இங்கிருந்து டெல்லி சென்றனர்.

2008இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையத்தின் ஆணை நடைமுறைக்கு வந்தது. திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்தது. விழுப்புரம் (தனி) பிறந்தது. சட்டமன்ற அளவில் மேல்மலையனூர், கண்டமங்கலம், முகையூர் ஆகிய பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின, விக்கிரவாண்டி சேர்ந்தது.

பெயர் போனதற்காக நாம் புலம்பவில்லை. புளியங்காட்டைக் குறிக்கும் திந்திரிணி வனம் என்ற பழம்பெயர் ஊரின் பெயரில் பத்திரமாகவே இருக்கிறது. நமது கேள்வி கணக்கைப் பற்றியது. 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்து உருவாக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்திற்கு மறுவரையறையில் 11 சட்டமன்றத் தொகுதிகள் கிடைத்தன. ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு. அப்படியானால் மாவட்டத்திற்குள் ஒன்று முழுமையாகவும், வெளியிலிருந்து ஒன்றை மட்டும் சேர்த்து மற்றொன்றும் அமைந்திருக்கலாம். நிகழ்ந்தது வேறு. ஆறு தொகுதிகள் விழுப்புரத்திற்கு. செஞ்சியும் மயிலமும் திருவண்ணாமலை மாவட்டத்தின் நான்கு தொகுதிகளோடு சேர்ந்து ஆரணிக்கு. எஞ்சிய மூன்று, சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காட்டோடு சேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு. மயிலத்துக்காரர் கொடுக்கல் வாங்கலுக்குத் திண்டிவனத்துக்கும், மாவட்ட ஆட்சியரைக் காண விழுப்புரத்துக்கும் போகிறார். அவருடைய மக்களவை உறுப்பினரோ ஆரணிக்காரர்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது குழப்பம் கூடியது. உளுந்தூர்பேட்டையும் திருக்கோவிலூர் நகரமும் புதிய மாவட்டத்துக்குப் போயின. மக்களவைக் கணக்கில் அவை விழுப்புரத்திலேயே நின்றன.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஓர் இரயில் பாதை பல ஆண்டுகளுக்கு முன் ஒப்புதல் பெற்றது. இரயில் இன்னும் ஓடவில்லை. அந்தப் பாதை செல்லும் நிலம் விழுப்புரம், ஆரணி, திருவண்ணாமலை என மூன்று மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது. பாதை வராமைக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால், மூவருக்கும் பொதுவான கோரிக்கை எளிதில் எவருக்கும் உரியதில்லாமல் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மழையும் வெள்ளமும் தொகுதி எல்லை பார்க்கவில்லை. நிவாரணத்திற்காக நாடாளுமன்றத்தில் எழ வேண்டிய குரல் மட்டும் எல்லை பார்த்துப் பிரிந்து நின்றது.

மறுவரையறைச் சட்டம் இதற்கு எதிரானதன்று. நில அமைப்பு, நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்களின் சௌகரியம் ஆகியவற்றைக் கருதவேண்டும் என்றே அது சொல்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமன்றங்களே தொகுதிக் கோடுகளை வரைகின்றன. ஆளும் கட்சி தனக்கு வாகாக வளைத்துக்கொள்கிறது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜெர்ரி ஒப்புதல் அளித்த தொகுதி ஒன்றின் பல்லி உருவத்தை வைத்து அங்கு ஒரு வசைச்சொல்லே பிறந்தது. நம் நாட்டில் அந்த வேலை தனி ஆணையத்திடம் இருப்பது பெருமைக்குரியது. அங்கே தீமை கட்சிகளின் திட்டத்திலிருந்து வருகிறது. இங்கே நம் அசட்டையிலிருந்து வருகிறது.

இங்கே ஒரு தவறான முனகலையும் மறுத்தாக வேண்டும். விழுப்புரம் தனித்தொகுதியானதால்தான் வட்டாரம் தன் செல்வாக்கை இழந்தது என்று சிலர் சொல்வதுண்டு. நாம் இதை ஏற்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் அதிக விகிதத்தில் வாழும் பகுதிகளில் தனித்தொகுதிகள் அமைய வேண்டும் என்பது சட்டத்தின் நெறி. இரட்டை உறுப்பினர் முறை ஒழிந்தபின் அரை நூற்றாண்டு இந்த வட்டாரத்தின் மக்களவைத் தொகுதி பொதுத்தொகுதியாகவே இருந்தது. தனித்தொகுதியான பிறகுதான், 'நிறப்பிரிகை'யில் பங்காற்றியவரும் 'மணற்கேணி'யின் ஆசிரியருமான ரவிக்குமார் 2019இலும் 2024இலும் இங்கிருந்து நாடாளுமன்றம் சென்றார். 2019இல் உதயசூரியன் சின்னத்தில் நின்றவர் 2024இல் தன் கட்சியின் பானைச் சின்னத்திலேயே வென்றார். ஒரு சிற்றிதழ்க்காரரை டெல்லிக்கு அனுப்பிய தொகுதியை இலக்கிய வாசகர்கள் இழப்பின் கணக்கில் எழுதமுடியாது. குறை இட ஒதுக்கீட்டில் இல்லை, வெட்டிய கோட்டில் இருக்கிறது.

அடுத்த மறுவரையறை பற்றிய விவாதம் தமிழ்நாட்டில் சூடுபிடித்து நாளாகிறது. 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக்கட்சிக் கூட்டமும், தொடர்ந்து பல மாநிலத் தலைவர்களின் கூட்டமும் நடந்தன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தின் 39 இடங்களுக்கான பங்கு குறையலாகாது என்ற வாதம் நியாயமானது. எனினும் எத்தனை இடங்கள் என்ற அந்த ஒரு கேள்வி, கோடு எங்கே விழும் என்ற இரண்டாவது கேள்வியை முழுவதும் மறைத்துவிட்டது. இடங்கள் 39 ஆயினும் கூடினாலும் குறைந்தாலும், உள்ளே ஒரு வரைபடம் வரையப்படத்தான் போகிறது.

அது வரைவாக வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு வாய்ப்பு உண்டு. இறுதி ஆணை வந்துவிட்டால் அரசியல் சட்டத்தின் 329ஆவது உறுப்பு நீதிமன்றத்தின் கதவை ஏறத்தாழ அடைத்துவிடும். ஆகவே பேசவேண்டிய காலம் வரைவுக் காலம்தான். வரைவு ஊராட்சிப் பெயர்களோடு எளிய தமிழில் ஊர்தோறும் கிடைக்க வேண்டும். ஒரு மாவட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக வெட்டினால் ஆணையம் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். இவை எந்தக் கட்சிக்கும் எதிரான கோரிக்கைகள் அல்ல.

தென்னார்க்காட்டை நடுநாடு என்ற பெயரால் ஒரு பேச்சுமொழியின் நிலமாக அடையாளம் கண்டு, அதன் சொற்களை அகராதியாகத் தொகுத்துத் தந்தவர் கண்மணி குணசேகரன். ஒரு வட்டாரத்தின் எல்லை அங்குள்ள மனிதர்களின் புழக்கத்தில் இருக்கிறது என்பதை எழுத்தாளர்கள் அறிவார்கள். ஆணையத்தின் விசாரணைக் கூடங்களில் அந்த அறிவைச் சொல்ல ஒருவராவது எழுந்து நிற்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.