பூனையோடு வரும் வாடகைதாரர்

சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989ஆம் ஆண்டு முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி அத்தடை நீங்கியது. இப்போது உரிமம் பெற்று, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆனால், வாடகை வீடு தேடும் குடும்பத்திற்கு இது மட்டும் போதாது. ‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை’ என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், சட்டம் தந்த அனுமதியால் பயனில்லை. வேறு வழியின்றிப் பல ஆண்டுகள் வளர்த்த பூனையைப் பிறரிடம் கொடுத்துவிட நேர்கிறது.

வீட்டு உரிமையாளரின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. கீறல் விழுந்த கதவு, சிறுநீர் வாடை போகாத மெத்தை, பக்கத்து வீட்டாரின் புகார் ஆகியவற்றை அவர்தாமே எதிர்கொள்ள வேண்டும்? (சுவரில் கிறுக்கும் சிறு பிள்ளைகளும் வீட்டைப் பாழாக்கத்தான் செய்கிறார்கள்!) இருப்பினும், விசாரிக்காமலேயே மறுப்பது சரியன்று. வயதான, அமைதியான பூனையும் பழக்கப்படாத நாய்க்குட்டியும் ஒன்றல்ல. கூடுதல் முன்பணம், காலி செய்யும்போது துப்புரவுச் செலவு, சன்னல்களுக்கு வலை ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

சிலர் பூனையை மறைத்துக்கொண்டு குடியேறுகிறார்கள். அது தெரியவந்தால், அடுத்து வரும் வாடகைதாரரையும் உரிமையாளர் நம்பமாட்டார். வீடு பார்க்கச் செல்லும்போதே உண்மையைச் சொல்லி, உரிமத்தையும் தடுப்பூசி அட்டையையும் காட்டினால், உரிமையாளர் தம் நிபந்தனைகளைச் சொல்லவாவது முன்வருவார்.