மிதிவண்டிக்குத் தடை; பிள்ளைக்கு என்ன வழி?



கடந்த மாதம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனி மாணவர் எவரும் மிதிவண்டியில் பள்ளிக்கு வரக்கூடாது என்பதே அது. கைகள் உயர்ந்தன. மறுப்பவர் இல்லை. பிறகு தேநீரும் வடையும் வந்தன, கூட்டம் கலைந்தது. அன்று கையுயர்த்தியவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீடு திரும்பியபின் மனம் ஒப்பவில்லை. நான் உயர்த்திய அந்தக் கைக்கு எதிராகவே இதனை எழுதுகிறேன்.

தீர்மானத்திற்குக் காரணமானவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். வீட்டிற்கும் பள்ளிக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். கிள்ளானின் சாலைகளை அறிந்தவர்களுக்கு அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை. துறைமுகத்திற்குச் செல்லும் சரக்குந்துகள், ஓரமெங்கும் நிறுத்தப்பட்ட மகிழுந்துகள், நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் திறந்து கிடக்கும் கால்வாய். ஒரு காலை சரக்குந்து ஒன்று ஒதுக்கியதில் பையன் கால்வாயில் விழுந்தான். இடக்கை முறிந்தது. ஓட்டுநர் நிற்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? சரக்குந்தைத் தடுக்கவில்லை, கால்வாயை மூடச் சொல்லவில்லை, மாநகர் மன்றத்திற்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. பையனின் மிதிவண்டியைத் தடை செய்தோம்.

இப்போது அவன் எப்படி வருகிறான் தெரியுமா? தந்தையாரின் கப்சாய் மோட்டாரில் முன்னால் அவன், பின்னால் தங்கைகள் இருவர். நால்வருக்கும் சேர்த்துத் தலைக்கவசம் ஒன்று. பள்ளி வேனுக்கு மூன்று பிள்ளைகளுக்கும் பணம் கட்ட அந்தக் குடும்பத்தால் இயலாது. இதைத்தான் 'மாணவர் பாதுகாப்பு' என்று குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறோம்!

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. வெறுமையான மிதிவண்டிக் கொட்டகையில் இரண்டே வாரங்களில் ஆசிரியர்களின் மகிழுந்துகள் நிற்கத் தொடங்கின. அவற்றுள் என்னுடையதும் ஒன்று.

நம் சமூகத்திற்கு மிதிவண்டி புதிதன்று. தோட்டத்தில் என் தந்தையார் பால் வாளிகளை இருபுறமும் தொங்கவிட்டுச் செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்ததைக் கண்டு வளர்ந்தவன் நான். பால்மர நிரைகளினூடே மேடு, பள்ளம், வேர், சேறு எல்லாவற்றையும் கடந்து செல்லும் அந்த ஓட்டத்திற்கு இன்று 'மலை மிதிவண்டிப் பயணம்' என்று பெயர். அதற்கென ஆயிரக்கணக்கான வெள்ளி விலையுள்ள வண்டிகளும் உண்டு. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்ததும் நாம் முதலில் கைவிட்டது சைக்கிளைத்தான். அது ஏழ்மையின் அடையாளம் என்று நமக்குள் பதிந்துவிட்டது. 'எங்கள் பையனைக் காரில் கொண்டுவந்து விடுகிறோம்' என்று கூறுகையில் சில பெற்றோரின் குரலில் ஒலிக்கும் பெருமிதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் கார்களின் நெரிசல்தான் பள்ளி வாசலில் நடந்து வரும் பிள்ளைக்குப் பேரிடர் என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை.

நம் நாட்டிற்கு இந்த அறிவு இல்லாமலும் இல்லை. கிள்ளான் ஆற்றின் மேலுள்ள ஜம்பாத்தான் கோத்தாவைப் பாருங்கள். 1950களின் இறுதியில் எழுந்த அந்த இரட்டைத் தளப் பாலத்தில் மேல்தளம் அக்காலத்தில் மோட்டார் வாகனங்களுக்கு இருந்தது. கீழ்த்தளம் நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும். விடுதலை பெற்ற காலத்து ஏழை நாடு, மிதிவண்டியில் செல்பவனுக்கும் ஆற்றைக் கடக்கத் தனி வழி வேண்டும் என்று எண்ணியிருக்கிறது! கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித்தடம் அமைக்கப்பட்டது. பிற்பாடு 1990களில் அத்தடம் நீட்டிக்கப்பட்டபோது மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. பிரித்து வைத்தால் உயிர் பிழைக்கும் என்பது நம் மண்ணிலேயே மெய்ப்பிக்கப்பட்ட பாடம்.

அப்பாடத்தை மறந்தபின் வந்தவைதான் வண்ணப் பூச்சுகள். 2015ஆம் ஆண்டில் மிட்வேலிக்கும் டத்தாரான் மெர்டேக்காவுக்கும் இடையே, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை ஒட்டி, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம் என்று அன்று நானும் மகிழ்ந்தேன். 2018இல் உலக நகர மன்றம் கோலாலம்பூரில் கூடிய காலத்தில் நகர மையச் சாலைகளின் ஓரமும் நீலமாயிற்று. நீலக் கோட்டின்மேல் மகிழுந்துகள் நின்றன. மோட்டார் சைக்கிள்கள் பறந்தன. தடுப்புச் சுவர் இல்லாத கோடு கோலத்திற்கு ஒப்பானது. பார்க்க அழகு, மிதிப்பவரைத் தடுக்காது. அதனினும் பெருங்குறை, இப்பாதைகளை வரைந்தவர்கள் பேரங்காடியையும் சதுக்கத்தையும் நினைத்தார்கள், பள்ளிக்கூடத்தை நினைக்கவில்லை என்பதுதான்.

மலை மிதிவண்டி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது சுவிட்சர்லாந்து. பசும் புல்வெளி, பனிமலை, மணி கட்டிய மாடுகள், நடுவே ஒற்றையடிப் பாதை. சுற்றுலா விளம்பரம் காட்டுவது அவ்வளவே. காட்டாதது இது: 2018 செப்டம்பர் 23 அன்று அந்நாட்டு மக்கள் மிதிவண்டிப் பாதைகளை அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்க்க வாக்களித்தனர், 73.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அதன்வழி வந்த சட்டம் 2023 சனவரி முதல் நடப்பில் உள்ளது. இருவகைப் பாதை வலைகளை அமைக்கும் கடமையை அது மாநிலங்களுக்கு விதிக்கிறது. ஒன்று ஓய்வுப் பயணத்திற்கு. மலைப்பாதைகள் அதில் அடங்கும். மற்றொன்று அன்றாடப் போக்குவரத்திற்கு; வீடு, பணியிடம், பள்ளி, பேருந்து, தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றை அது இணைக்க வேண்டும். 2027 இறுதிக்குள் திட்டம், 2042 இறுதிக்குள் பாதை. பள்ளி என்னும் சொல் சட்டத்திலேயே இருக்கிறது, அன்பர்களே!

'அது குளிர் நாடு, பணக்கார நாடு, நமக்கு ஒவ்வாது' என்பார்கள். வெயிலும் மழையும் என் தந்தையார் காலத்திலும் பெய்தனவே! மலையேறும் சுவிஸ் பிள்ளையின் கால் வேறு, சமதரைக் கிள்ளானில் மிதிக்கும் நம் பிள்ளையின் கால் வேறா?

நம்மூரிலும் மலைப்பாதைகள் உண்டு. புக்கிட் கியாராவில் பழைய பால்மரங்களுக்கிடையே தன்னார்வலர்கள் தாமே மண்வெட்டி பிடித்து அமைத்துப் பேணிய மலை மிதிவண்டித் தடங்கள் பெயர்பெற்றவை. வார இறுதியில் அங்குச் செல்வோரை நான் குறைகூறவில்லை. ஒன்றுகூடிப் பாதை அமைத்து, அதைக் காக்க அதிகாரிகளிடம் வாதாடவும் தெரிந்தவர்கள் அவர்கள். நமக்குத்தான் அந்தத் திறம் இல்லை. ஆயினும் அந்த மரங்களைக் காணும்போது எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அத்தோட்டத்தில் பால் வெட்டிய நம்மவர்கள், 'தற்காலிகம்' என்று சொல்லப்பட்டு 1982இல் அருகிலுள்ள நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நிரந்தர வீட்டிற்கான காத்திருப்பு ஒரு தலைமுறையைக் கடந்தது. அவ்விடத்து மேம்பாட்டுத் திட்டத்தின் அனுமதியை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாதென்று உறுதிசெய்தபோது பூங்கா காக்கப்பட்டது; அவர்களின் வீடு மீண்டும் தள்ளிப்போயிற்று. பாதை போட்டவர் நம் முன்னோர். பயணம் போகிறவர் வேறொருவர். இந்தக் கசப்பு எனக்குள் இருப்பதை மறுக்கமாட்டேன்.

என் கருத்தை மறுப்பவர்கள் கையில் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் நள்ளிரவு தாண்டிய வேளையில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதுப் பிள்ளைகள் எண்மர் மகிழுந்து மோதி மாண்டனர். 'பார்த்தீர்களா, சைக்கிள் கொடுத்தால் இதுதான் நடக்கும்' என்றார் நம் கூட்டத்தில் ஒரு பெற்றோர். அந்தத் துயரத்தை எண்ணினால் எனக்கும் நா எழவில்லை. ஆயினும் கேட்கிறேன், ஐயா: விளக்கும் தடையும் இல்லாத வண்டியோடு நெடுஞ்சாலையில் இரவில் இறங்கிய பிள்ளைக்கு முறையாக ஓட்டக் கற்பித்தவர் யார்? ஓட்டுவதற்கு இடம் கொடுத்தவர் யார்? நீச்சல் தெரியாமல் பிள்ளை மூழ்கினால் ஆற்றை மூடுவோமா, நீந்தக் கற்றுக்கொடுப்போமா? எங்கள் பள்ளியின் புறப்பாட நேரத்தில் மிதிவண்டி ஓட்டும் ஒழுங்கைக் கற்பிக்க ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்பட்டதில்லை. சாலைக் குறியீடுகளைப் படம் பார்த்து வண்ணம் தீட்டச் சொல்வதோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறது.

ஆகவே வரும் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரப் போகிறேன். மாநகர் மன்றத்திடம் நாம் கேட்க வேண்டியது பெரிய திட்டமன்று. பள்ளியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் தடுப்புடன் கூடிய ஒரு தடம், கால்வாய்க்கு மூடி, காலையில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் மதியம் விடும் நேரத்திலும் அந்தச் சாலையில் சரக்குந்து நுழையாத ஓர் ஒழுங்கு. சட்டமன்ற உறுப்பினர் நம் பள்ளிக்கு வந்து மாதிரிக் காசோலையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும்போது, நம் கையில் இந்தக் கோரிக்கைத் தாள் இருக்கட்டும்.

என் வகுப்பு மாணவர்கள் வீட்டிலிருந்து பள்ளி வரும் வழியைத் தாளில் வரைந்து, அஞ்சும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு தாள்கள் என் மேசையில் உள்ளன. மற்ற வகுப்பு ஆசிரியர்களும் இதைச் செய்து தந்தால், கூட்டத்திற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வரைபடமாக ஒட்டிவிடலாம். பெற்றோர்களே, பிள்ளை சொல்லத் தயங்கும் இடம் ஏதேனும் உங்களுக்குத் தெரிந்தால், வரும் வெள்ளிக்குள் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

என் மகிழுந்து திங்கள் முதல் வெளியே வெயிலில் நிற்கும்.